டாக்டர் ஜான்ஸனின் ஸம்பாஷணை

ஸாமுவேல் ஜான்ஸன் 1709-ம் வருஷத்தில் இங்கிலாந்திலுள்ள லிச்பீல்ட் என்னும் ஊரில் ஓர் ஏழைப் புஸ்தக வியாபாரியின் குமாரராய்ப் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே கண்டமாலை நோயால் ஒரு கண்ணின் பார்வை மங்கிற்று. ஆக்ஸ்போர்டில் சேர்ந்தும், பணமின்மையால் பட்டம் பெறாமலே சுமார் ஒரு வருஷத்தில் வீடு திரும்பினார். சுமார் ஒன்பது வருஷம் பாடுபட்டு, நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்ட பதங்கள் கொண்ட ஆங்கில அகராதியை 1755-ல் வெளியிட்டார். வேலை முடிந்த சமயம் பார்த்துப் புகழ வந்த செஸ்டர்பீல்ட் பிரபுவின் தயவை மறுத்து அவர் எழுதிய கடிதம் பிரஸித்தமானது. அதே மனிதர், உபகாரச் சம்பளம் என்ற சொல்லுக்கு அகராதியில் இகழ்ச்சியாகப் பொருள் எழுதிவிட்டு, 1762-ல் அரசரிடமிருந்து வருஷத்துக்கு 300 பவுன் உபகாரச் சம்பளம் ஏற்றுக்கொண்டார். விரோதிகள் சும்மா இருப்பார்களா?

ஆயினும், அவர் எழுதியதைக் காட்டிலும் பேசியதே உலகத்தில் அதிகமாய் நிலைத்தது. அதைக் காப்பாற்றிக் கொடுத்தவர் ஜேம்ஸ் பாஸ்வெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர். பிற்காலத்தில் அவர் வக்கீலானவர் என்பதில் நமக்குச் சிறிது கர்வமுண்டு. 1763 மே 16-ந் தேதி லண்டனில் ஒரு புஸ்தகக் கடையில் இருவரும் சந்தித்தனர். ஜான்ஸனுக்கு வயது 53, பாஸ்வெலுக்கு 22. முதல் நாளே இளைஞர் நன்றாக வாங்கிக் கட்டிக் கொண்டார். ஆனால் விடவில்லை. கைக்குழந்தையோடு ஒரு கோட்டையில் தனியே அடைபட்டால் என்ன செய்வீர் என்பது போன்ற விபரீதக் கேள்விகளையும் கேட்டு, பதில்களை எழுதி வைத்தார்.

ஜான்ஸனின் உபகாரச் சம்பளத்தைப் பத்திரிகையில் பரிகசித்தவர் ஜான் வில்க்ஸ். ஜான்ஸனும் அவரைக் கண்டித்துப் பிரசுரம் எழுதியிருந்தார். இவ்விருவரையும் 1776 மே 15-ந் தேதி ஒரு விருந்தில் பாஸ்வெல் தந்திரமாய்ச் சேர்த்துவிட்டார். எதிரியைக் கண்டதும் ஜான்ஸன் ஒரு புஸ்தகத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் ஒதுங்கினார். வில்க்ஸோ பந்தியில் பக்கத்திலமர்ந்து, பார்த்துப் பார்த்துப் பரிமாறினார். சற்று நேரத்தில் இருவரும் கூடி, ஸ்காட்லாந்தைக் கேலி செய்து பாஸ்வெலையே உருட்டத் தொடங்கிவிட்டனர். எதிர்க்கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கும் போக மறுக்கும் நம் நண்பர்கள் இதைக் கவனிப்பார்களாக.

அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு வரி விதிக்கப் பார்லிமெண்டுக்கு உரிமையுண்டென்று 1775-ல் ஜான்ஸன் எழுதினார். நாம் இதை ஒருநாளும் ஒப்போம், பாஸ்வெலும் ஒப்பவில்லை. ஆனால் நீக்ரோ அடிமைகள் விஷயத்தில் நிலைமை தலைகீழானது. ஸ்காட்லாந்தில் விடுதலை கோரி வழக்காடிய ஜோஸப் நைட் என்ற அடிமைக்குச் சாதகமான வாதத்தை 1777-ல் ஜான்ஸன் சொல்ல, பாஸ்வெல் எழுதிக் கொண்டார். அடுத்த வருஷம் நைட் ஜயித்தார். சுதந்திரம் கேட்ட வெள்ளையரை எதிர்த்த பேனாவும், அடிமைக்காகப் பேசிய நாவும் ஒருவருடையவையே. 1784-ல் ஜான்ஸன் காலமானபோது, ஜமெய்க்காவில் அடிமையாய்ப் பிறந்து அவரிடம் ஊழியம் செய்த பிரான்ஸிஸ் பார்பருக்கே சொத்தின் பெரும்பகுதி போயிற்று.

பாஸ்வெல் அடிமை வியாபாரத்தை ஆதரித்தவர். எனினும், 1791-ல் வெளியிட்ட ஜான்ஸன் சரித்திரத்தில் அந்த வாதத்தை மறைக்கவில்லை. முழுமையாக அச்சிட்டு, தம்முடைய மாறுபட்ட அபிப்பிராயத்தை அதன் கீழே எழுதினார்.