சிந்தாமணி ரகுநாதாச்சாரி

சிந்தாமணி ரகுநாதாச்சாரி (இறப்பு: பெப்ரவரி 5, 1880) 19ஆம் நூற்றாண்டில் சென்னையில் வாழ்ந்த வானியலாளர் ஆவார். சென்னை வானாய்வகத்தில் முதன்மை உதவியாளராகப் பணியாற்றினார். 1867 ஆம் ஆண்டு இவர் கண்டறிந்த ஆர் ரெட்டிகுலி என்னும் மாறும் விண்மீன், நவீனக் கருவி கொண்டு இந்தியர் ஒருவர் கண்டறிந்த முதல் மாறும் விண்மீனாகப் பொதுவாகக் கருதப்படுகிறது.

வாழ்க்கை

பஞ்சாங்கம் கணிக்கும் மரபில் வந்த ரகுநாதாச்சாரி இளம் வயதிலேயே நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாய்வகத்தில் சேர்ந்தார். இவ்வாய்வகம் 1792 ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியால் கட்டப்பட்டது. 1861 ஆம் ஆண்டு நார்மன் போக்சன் அதன் இயக்குநராக வந்தார். விண்மீன்களின் ஒளியை அளக்க இன்றும் பயன்படும் ஒளியளவு முறையை 1856 இல் முன்மொழிந்தவர் இவரே. இம்முறையில் 5 படி வேறுபாடு என்பது ஒளியில் 100 மடங்கு வேறுபாடு ஆகும். விண்மீன்களின் இடங்களை இரவுதோறும் அளந்து பட்டியலிடும் நீண்ட பணியில் ரகுநாதாச்சாரி ஈடுபட்டார். பெயர் வெளியே வராத, பொறுமை மட்டுமே வேண்டும் வேலை அது. 1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தை ஐதராபாத் நிசாம் ஆட்சிப் பகுதியிலிருந்த வனபர்த்தியில் நோக்கிய குழு இவருடையது. 1872 இல் இலண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினரானார்.

ஆர் ரெட்டிகுலி

இவ்விண்மீன் தென்வானில் வலை எனப்படும் சிறிய விண்மீன்கூட்டத்தில் உள்ளது. சென்னையிலிருந்து நோக்கினால் தென் அடிவானத்திற்கு மேல் ஏறத்தாழ 14 பாகை உயரமே எழும். ஐரோப்பிய ஆய்வகங்களுக்கு அது புலப்படாது. மிகுந்த ஒளியுடன் இருக்கும்போது வெறுங்கண்ணுக்கு எட்டும் எல்லையை ஒட்டி நிற்கும். பின்னர் மங்கி, நல்ல தொலைநோக்கிக்கும் அரிதாகிவிடும். இச்சுற்று ஒன்றுக்கு ஏறத்தாழ 9 மாதங்கள் ஆகும்.

விண்மீன் தானே விரிந்து சுருங்குவதால் இம்மாற்றம் ஏற்படுகிறது. இத்தகையவை மீரா வகை எனப்படும். துடிப்பு விண்மீன்களின் அலைவுக் காலம் அவற்றின் உண்மையான ஒளியைக் காட்டிக்கொடுக்கும் என்பதைச் செபீடு வகையில் ஹென்ரியேட்டா லீவிட் 1912 ஆம் ஆண்டு நிறுவினார். அகச்சிவப்பு ஒளியில் மீரா வகைக்கும் இத்தகைய தொடர்பு உண்டென 1980களில் தெளிவாயிற்று. ஒரே அலைவுக் காலம் கொண்ட இரு மீராக்களில் ஒன்று 100 மடங்கு மங்கலாகத் தெரிந்தால், இடையில் தூசு இல்லாதவிடத்து, அது 10 மடங்கு தொலைவில் உள்ளது. இவ்வழியில் நமது பால்வழியின் மையத்திற்கான தூரமும் மதிப்பிடப்பட்டது. அது ஏறத்தாழ 26,000 ஒளியாண்டுகள். ரகுநாதாச்சாரி இவற்றுள் எதையும் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

எனினும் தூரம் அளக்கும் வினாவை அவர் நன்கு அறிந்திருந்தார். 1874 டிசம்பர் 9 அன்று வெள்ளிக் கோள் சூரியனைக் கடக்கவிருந்ததை முன்னிட்டு ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் விளக்க நூல் வெளியிட்டார். பூமியின் வெவ்வேறு இடங்களிலிருந்து அக்கடப்பை நோக்கிச் சூரியனின் தூரத்தைக் கணிக்கலாம். அத்தூரமே விண்மீன் தூரங்கள் அனைத்திற்கும் முதற்படியாகும்.

பஞ்சாங்கத் திருத்தம்

இவருடைய மற்றொரு முயற்சி எதிர்ப்பைச் சந்திக்கக் கூடியதாக இருந்தது. காஞ்சிபுரம், கும்பகோணம் போன்ற கோயில் நகரங்களில் திருவிழாவும் திருமண முகூர்த்தமும் பஞ்சாங்கத்தைக் கொண்டே குறிக்கப்படுகின்றன. காஞ்சியின் பட்டு நெசவும் முகூர்த்த மாதங்களை நம்பியதே. பழைய வாக்கிய முறையில் கணித்த திதி, வானில் காணும் நிலையிலிருந்து சில மணி நேரம் விலகக்கூடும். ரகுநாதாச்சாரி நோக்கீட்டோடு பொருந்தும் திருக்கணித முறையில் பஞ்சாங்கம் வெளியிட்டார். மரபுக் கணிதரும் நவீன வானியலைக் கற்க வேண்டும், அதற்கென இந்தியர் ஆய்வகம் ஒன்று வேண்டும் என வலியுறுத்தினார். அவர் காலத்தில் அது அமையவில்லை. வாக்கியம், திருக்கணிதம் என்ற இரு வழக்குகளும் தமிழ்நாட்டில் இன்றும் உள்ளன; திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி வாக்கியப்படியே கொண்டாடப்படுகிறது.

மறைவுக்குப் பின்

போக்சன் 1891 இல் காலமானார். 1899 இல் வானியல் பணிகள் கொடைக்கானலுக்கு மாற்றப்பட்டன. பழைய ஆய்வகத்தின் கருங்கல் தூண், பல மொழிக் கல்வெட்டுடன், நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் உள்ளது.