உடைந்த வாள் தோல்வியின் அடையாளமா? அமெரிக்காவின் 'அமைதி டாலர்' நாணயத்தை வடித்த சிற்பியின் கதை

1921 டிசம்பர் 23. கிறிஸ்துமஸுக்கு இன்னும் 2 நாள்தான் பாக்கி. அமெரிக்காவின் பிலடெல்பியா நாணயச்சாலையில் தலைமைச் செதுக்குநர் ஜார்ஜ் மோர்கன் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தபடி, எஃகு மூல அச்சில் இருந்த ஒரு சின்ன வாளை அழித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அப்போது வயது 76.

அந்த வடிவமைப்பு அவருடையது அல்ல. 34 வயதே ஆன ஆன்டனி டி பிரான்சிஷி என்ற சிற்பியுடையது. முதல் உலகப்போர் முடிந்து அமைதி திரும்பியதை நினைவுகூர அமெரிக்கா வெளியிட்ட 'பீஸ் டாலர்', அதாவது அமைதி டாலர், அவர் வடித்ததுதான். ஆனால் அமைதியைச் சொல்ல அவர் காட்டிய சின்னமே பெரிய சண்டையைக் கிளப்பிவிட்டது. என்ன நடந்தது?

யார் இந்த ஆன்டனி டி பிரான்சிஷி?

1887-ல் இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள பலெர்மோ நகரில் பிறந்தவர். இளம் வயதிலேயே அமெரிக்காவுக்குக் குடியேறினார். நியூயார்க்கில் ஜேம்ஸ் ஏர்ல் ஃபிரேசர், அடால்ஃப் வைன்மேன் போன்ற பெரிய சிற்பிகளிடம் வேலை கற்றார். 1920-ல் மெய்ன் மாநிலத்தின் நூற்றாண்டு அரை டாலர் நாணயத்துக்கான அச்சு மாதிரியைச் செய்தார். அதே ஆண்டு தெரசா கஃபரெல்லி என்பவரை மணந்தார். அவரும் இத்தாலியில் பிறந்து, குழந்தையாகவே அமெரிக்கா வந்தவர்.

இந்த நாணயத்துக்கும் இந்தியாவுக்கும் என்ன தொடர்பு?

போர்க்காலத்தில் இந்தியாவில் காகித நோட்டுகள் மீது மக்களுக்கு நம்பிக்கை குறைந்தது. நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாயாக மாற்றக் கூட்டம் முண்டியடித்தது. பிரிட்டிஷ் அரசின் கையிருப்பு வேகமாகக் கரைந்ததால், அமெரிக்காவிடம் உதவி கேட்டது. 1918 ஏப்ரலில் அமெரிக்கா 'பிட்மேன் சட்டம்' கொண்டுவந்தது. அதன்படி சுமார் 27 கோடி வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டன. அதில் சுமார் 26 கோடி டாலர்களின் வெள்ளி இந்தியாவுக்காகவே விற்கப்பட்டது.

உருக்கிய அளவுக்குத் திரும்பவும் வெள்ளி வாங்கி டாலர் அடிக்க வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் இருந்தது. சரி, எப்படியும் புது டாலர் அடிக்கத்தானே போகிறோம், அதை அமைதியின் நினைவாக அடித்தால் என்ன? நாணய ஆர்வலர் ஃபேரன் ஜெர்ப் 1920-ல் முன்வைத்த யோசனை இதுதான்.

மூன்றே வாரம், மாடல் கிடையாது

1921 நவம்பரில் சிற்பிகளுக்குப் போட்டி அறிவிக்கப்பட்டது. அவகாசம் சுமார் 3 வாரம். முதல் பரிசு 1,500 டாலர். கலந்துகொண்டவர்களோ சாதாரண ஆட்கள் இல்லை. லிங்கன் உருவம் பொறித்த ஒரு சென்ட் நாணயத்தை வடித்த விக்டர் பிரென்னர், டி பிரான்சிஷிக்குத் தொழில் கற்றுத்தந்த வைன்மேன் எல்லாம் அதில் இருந்தார்கள். இவர்களை எங்கே ஜெயிப்பது என்று நினைத்த டி பிரான்சிஷி, தான் தோற்கப்போவதாக நண்பர்களிடம் பந்தயமே கட்டிவிட்டார்.

சுதந்திர தேவியின் முகத்துக்கு மாடல் தேட நேரம் இல்லை. மனைவி தெரசாவையே உட்கார வைத்தார். கூந்தல் பறக்க வேண்டுமே? ஜன்னலைத் திறந்துவிட்டு, காற்றில் அவர் முடி அலைவதைப் பார்த்துப் பார்த்து வடித்தார். தலையில் சுதந்திர தேவி சிலையில் இருப்பது போன்ற கதிர்க் கிரீடத்தை வைத்தார்.

தெரசாவுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. சிறுமியாகக் கப்பலில் வந்தபோது அந்தச் சிலையைப் பார்த்து, அதைப் போலவே கையை உயர்த்தி நின்று காட்டியவர் அவர். பிறகு பள்ளி விழாவில் சுதந்திர தேவி வேடம் கேட்டபோது அவருக்குக் கொடுக்கவில்லை. அந்த ஏமாற்றம் மனதில் இருந்துகொண்டே இருந்தது. பள்ளியில் கிடைக்காத வேடம் கடைசியில் நாட்டின் நாணயத்திலேயே கிடைத்தது.

வாள் ஏன் நீக்கப்பட்டது?

டிசம்பரில் டி பிரான்சிஷியின் வடிவமைப்பே தேர்வானது. நாணயத்தின் பின்புறத்தில், பாறை மேல் ஒரு கழுகு அமைதியாக அமர்ந்திருக்கும். அதன் காலடியில் ஆலிவ் கிளையோடு ஓர் உடைந்த வாளும் இருந்தது. இனி போர் வேண்டாம், ஆயுதம் வேண்டாம் என்பது அதன் பொருள். அந்த நேரத்தில் வாஷிங்டனில் ஆயுதக் குறைப்பு மாநாடு வேறு நடந்துகொண்டிருந்தது.

ஆனால் 'நியூயார்க் ஹெரால்டு' நாளிதழ் டிசம்பர் 21-ல் இதைக் கடுமையாக எதிர்த்துத் தலையங்கம் எழுதியது. போரில் தோற்றவனின் வாள்தான் உடையும், அவமானப்பட்டவனின் வாளைத்தான் முறிப்பார்கள், ஜெயித்த நாட்டின் நாணயத்தில் அது எதற்கு என்பது அதன் வாதம். எதிர்ப்பு பரவியது. சிற்பிக்குச் சமாதானமாகத் தெரிந்த அதே வாள், போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த நாட்டுக்குச் சரணடைதலாகத் தெரிந்தது.

1921-ம் ஆண்டு முத்திரையோடு நாணயம் வர வேண்டும் என்றால், புது அச்சு செய்ய நேரமே இல்லை. அதனால்தான் தயாராக இருந்த அச்சிலேயே மோர்கன் கை வைத்தார். வாளை அழித்து, அந்த இடம் தெரியாதபடி ஆலிவ் கிளையையும் கதிர்களையும் சரிசெய்தார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தியாவுக்காக உருக்கப்பட்ட பழைய டாலர்களில் பெரும்பாலானவை இதே மோர்கன் வடிவமைத்தவை!

டிசம்பர் 28-ல் அச்சிடல் தொடங்கியது. அந்த ஆண்டுக்கான நாணயங்களாக 10 லட்சத்துக்கும் சற்று அதிகமானவை அடிக்கப்பட்டன. கழுகின் கீழே அமைதி என்ற ஒற்றைச் சொல் ஆங்கிலத்தில் இருந்தது. புடைப்பு அதிகமாக இருந்ததால் அச்சுகள் சீக்கிரம் உடைந்தன. அதனால் 1922-ல் புடைப்பைக் குறைத்தார்கள்.

ஒரு நாணயம்கூட வைத்துக்கொள்ளவில்லை

1922 ஜனவரி 3-ல் டி பிரான்சிஷி கேட்டிருந்த 50 டாலர்கள் அவர் வீட்டுக்கு வந்தன. அவர்தான் பந்தயத்தில் தோற்றவர் ஆயிற்றே! நண்பர்களுக்குக் கொடுத்தே எல்லாம் தீர்ந்துபோனது. தனக்கென்று ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளவில்லை.

இரண்டாம் உலகப்போரிலும் அவர் கைவண்ணம் இருந்தது. பணி முடித்து வீடு திரும்பிய அமெரிக்க வீரர்கள் சட்டையில் குத்திக்கொண்ட கழுகுச் சின்னத்தை வடித்தவர் அவரே. அந்தக் கழுகு வாத்து மாதிரி இருக்கிறது என்று வீரர்கள் கேலி செய்தார்கள். ஆனாலும் உயிரோடு ஊர் திரும்பியதற்கு அதுவே அடையாளமாக இருந்தது.

1964-ல் டி பிரான்சிஷி காலமானார். அதே ஆண்டு, அமைதி டாலரை மறுபடி அடிக்க வழி திறந்தது. 1965 மே மாதம் டென்வரில் 3,16,076 நாணயங்கள் அடிக்கப்பட்டன. ஆனால் எதிர்ப்பு வந்ததும் அத்தனையும் உருக்கப்பட்டன. தெரசா 1990 வரை வாழ்ந்தார்.

1921 முதல் 1935 வரை இடையிடையே அடிக்கப்பட்ட அமைதி டாலர்களின் எண்ணிக்கை சுமார் 19 கோடி. நூற்றாண்டையொட்டி 2021-ல் அமெரிக்க நாணயச்சாலை அதே வடிவத்தை மீண்டும் வெளியிட்டது. தெரசாவின் முகமும் அமர்ந்திருக்கும் கழுகும் அதில் அப்படியே இருக்கின்றன. உடைந்த வாள் மட்டும் திரும்பி வரவில்லை.