செவிமடுக்கக் கற்பித்த காள் றொஜேர்ஸ்

மனத்துயரோடு ஒருவர் நம்மிடம் வரும்போது, அவர் சொல்லி முடிக்கும் முன்பே புத்திமதி கூற முந்திவிடுகிறோம் அல்லவா? அந்த அவசரம் துயரப்படுபவருக்கு உதவுகிறதா என்று ஆராய்ந்து, செவிமடுத்தலையே ஒரு கல்வியாக்கியவர் அமெரிக்க உளவியல் அறிஞர் காள் றொஜேர்ஸ்.

1902ஆம் ஆண்டு தை மாதம் 8ஆந் திகதி, சிக்காகோ நகரை அடுத்த ஓக் பார்க்கில் அவர் பிறந்தார். கண்டிப்பும் பக்தியும் மிகுந்த புரட்டஸ்தாந்துக் குடும்பம் அவருடையது. போதகராகும் எண்ணத்துடன் 1924இல் நியூயோர்க்கிலுள்ள யூனியன் இறையியற் கல்லூரியிற் சேர்ந்தார். இரண்டாண்டுகளில் மனம் மாறிற்று. கொலம்பியாப் பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரிக்குச் சென்று உளவியல் பயின்று, 1931இல் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

1928 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் றொச்செஸ்ரர் நகரில் இடர்ப்பட்ட சிறுவர்களிடையே பணிபுரிந்தார். அங்கே ஒரு தாய் தன் அடங்காத மகனைப் பற்றிப் பேச வந்தாள். குறை அவளிடமே உள்ளதென்று றொஜேர்ஸ் எவ்வளவோ விளக்கியும் பயனில்லை. முயற்சியைக் கைவிட்டு விடைகொடுத்தபோது, வாசல்வரை சென்ற அவள் திரும்பி, பெரியவர்களுக்கும் இங்கே உதவி கிடைக்குமா என வினவினாள். பின்னர் அமர்ந்து தன் மணவாழ்வின் துயரங்களைக் கொட்டினாள். அவர் பொறுமையோடு கேட்டார். நாளடைவில் தாயும் தேறினாள், மகனும் திருந்தினான். எங்கே நோகிறதென்பது நொந்தவருக்கே தெரியும் என்பதை அந்தத் தாயிடம் அவர் கற்றுக்கொண்டார்.

1940இல் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானார். அக்காலத்தில் ஆலோசனை அறையில் நடந்ததற்கு, ஆலோசகர் நினைவிலிருந்து எழுதும் குறிப்பே சான்று. றொஜேர்ஸோ உரையாடல்களை ஒலித்தட்டுகளிற் பதிவுசெய்தார். தாங்கள் எத்தனை முறை குறுக்கிட்டோம், பேச்சை எப்படித் திசைதிருப்பினோம் என்பதை மாணவர்கள் தம் காதாலேயே கேட்டனர். 1942இல் வெளியான நூலில், பெயர் மறைக்கப்பட்ட ஒருவருடனான எட்டுச் சந்திப்புகளை அவர் முழுமையாக அச்சிட்டார். உளவளத்துணை பயில்வோர் தம் உரையாடலைப் பதிந்து ஆசிரியருடன் ஆராயும் வழக்கம் இன்றும் உண்டு.

1945இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் உளவளத்துணை நிலையமொன்றை ஆரம்பித்தார். புகழ் வளர்ந்த அந்நாட்களிலேதான் அவருக்கும் சோதனை வந்தது. கடும் மனநோயுற்ற ஒரு பெண்ணுக்கு உதவ முயன்று, தாமே நிலைகுலையும் கட்டத்தை அடைந்தார். அவளை ஒரு மனநல மருத்துவரிடம் ஒப்படைத்துவிட்டு, மனைவி ஹெலனுடன் சில மாதங்கள் வெளியூர் சென்றார். திரும்பியபின், தம்முடன் பணியாற்றிய ஒருவரிடமே உதவி நாடினார். பிறர் துயர் கேட்பவருக்கும் தம் துயர் கேட்க ஒருவர் வேண்டும். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

உண்மையாயிருத்தல், நிபந்தனையின்றி ஏற்றல், பிறர் உள்ளத்தை அவர் நிலையில் நின்று உணர்தல் ஆகிய மூன்றும் ஆலோசகரிடம் அவசியமென 1957இல் அவர் எழுதினார். விஸ்கொன்சினில் கடும் மனநோயாளரிடையே இதைச் சோதித்தபோது, எதிர்பார்த்த அளவு பலன் கிட்டவில்லை. அந்த முடிவுகளும் 1967இல் நூலாக வெளிவந்தன.

1987 மாசி 4ஆந் திகதி, தமது 85ஆவது வயதிற் காலமானார்.

வாசகர்களே, கடும் மனநோய்க்கு மருத்துவரை நாடுவது அவசியம். ஆயினும் உங்கள் மகனோ மகளோ இன்றிரவு ஏதோ சொல்லத் தயங்கி நின்றால், புத்திமதியைச் சற்றே ஒத்திவையுங்கள். முதலில் கேளுங்கள்.