தடை செய்யப்பட்ட தோட்டம்

எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று நாம் அன்றாடம் சொல்கிறோம். அவற்றிலுள்ள 'கே.ஜி.' என்பது 'கிண்டர்கார்டன்' என்னும் ஜெர்மானியச் சொல்லின் சுருக்கம். குழந்தைகளின் தோட்டம் என்பது அதன் பொருள். அந்தச் சொல்லைப் படைத்தவர் பிரெடரிக் ஃபிரோபெல்.

ஜெர்மனியின் துரிங்கியா வனப்பகுதியிலுள்ள சிற்றூரில் 1782-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் தேதி பிறந்தார் அவர். தந்தை கிறிஸ்தவ மதகுரு. பிறந்து ஓராண்டு நிறைவதற்குள் தாயை இழந்தார். சிற்றன்னையின் பரிவு கிட்டவில்லை. தோட்டமும் மரங்களுமே அந்தத் தனித்த சிறுவனுக்குத் துணையாயின. 15 வயதில் வனத்துறைப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டார். பின்னர், யேனா பல்கலைக்கழகத்தில் பயிலச் சென்றவர், கடனைத் தீர்க்க இயலாமல் சிறைப்பட்டதும் உண்டு.

பிராங்பர்ட் நகரப் பள்ளியொன்றில் 1805-இல் ஆசிரியரானபோதுதான் தமது வழி எதுவென்று அவருக்குப் புலப்பட்டது. சுவிட்சர்லாந்தின் கல்வியாளர் பெஸ்டலாஜியிடம் 1808 முதல் ஈராண்டுகள் தங்கிக் கற்றார். 1816-இல் சொந்தமாகப் பள்ளி தொடங்கினார். அங்கு கிட்டிய அனுபவம், பள்ளிக்கு வருவதற்கு முந்தைய ஆண்டுகளே குழந்தையின் அடித்தளம் என்ற முடிவுக்கு அவரை இட்டுச் சென்றது.

1837-இல் பிளாங்கன்பர்க் ஊரில் சிறு குழந்தைகளுக்கான விளையாட்டுக் கூடத்தை நிறுவினார். 1839-இல் மனைவி மறைந்தார். அந்தத் துயரத்துக்கிடையிலும் பணி நிற்கவில்லை; அடுத்த ஆண்டில் அக்கூடத்துக்குக் 'கிண்டர்கார்டன்' என்று பெயரிட்டார்.

அங்கு பலகையும் பாடநூலும் முதலிடம் பெறவில்லை. வண்ண நூல்பந்து, மர உருண்டை, உருளை, கனசதுரம் ஆகியவையே குழந்தைகளின் கைக்கு வந்தன. எட்டுச் சிறு கட்டைகளாகப் பிரியும் கனசதுரத்தைப் பிரித்தும் சேர்த்தும் விளையாடும் குழந்தை, எண்ணிக்கையையும் பாதி, கால் எனும் பின்னங்களையும் தானே உணர்ந்தது. பாட்டு மொழியை வளர்த்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒதுக்கப்பட்ட பாத்தி, பொறுப்பையும் பொறுமையையும் கற்பித்தது. இளம்பெண்களுக்குப் பயிற்சியளித்து அவர்களை ஆசிரியைகளாக்கியதும் அவரது அரும்பணி.

1848 புரட்சி ஒடுக்கப்பட்ட பின்னர் ஆட்சியாளர்கள் எதையும் ஐயத்துடன் நோக்கினர். நாத்திகத்தையும் சோஷலிசத்தையும் பரப்புவதாகக் குற்றஞ்சாட்டி, 1851 ஆகஸ்டில் குழந்தைத் தோட்டங்களுக்குப் பிரஷ்ய அரசு தடை விதித்தது. அவருடைய அண்ணன் மகன் கார்லின் எழுத்துகளை இவருடையவை என்று கருதிக் குழம்பியதும் அதற்கு ஒரு காரணம். விளக்கமளித்தும் பயனில்லை. 1852 ஜூன் 21-இல், தடை நீங்காத நிலையிலேயே தமது 70-ஆவது வயதில் அவர் மறைந்தார். சீடர்களின் விடாமுயற்சியால் 1860-இல் தடை விலக்கப்பட்டது. உருண்டை, உருளை, கனசதுரம் ஆகிய வடிவங்களை அடுக்கிய நினைவுச் சின்னமே அவரது கல்லறையில் நிற்கிறது.

இன்று அவர் தந்த பெயரை எந்த அரசும் தடை செய்யவில்லை. ஆனால், மூன்று வயதுக் குழந்தையின் கையில் பென்சிலைத் திணித்து, வீட்டுப்பாடம் தந்து, நுழைவுக்கே தேர்வு வைக்கும் இடங்களும் அதே பெயரைத்தான் தாங்கி நிற்கின்றன. விரல்கள் வலுப்பெறும் முன்னரே எழுத வைப்பது, விதைத்த மறுநாளே அறுவடைக்குச் செல்வதற்கு ஒப்பாகும். தேசியக் கல்விக் கொள்கை 2020-உம் தொடக்க ஆண்டுகளில் விளையாட்டுவழிக் கற்றலையே வலியுறுத்துகிறது.

பிரஷ்ய அரசு ஆணையிட்டு மூடிய தோட்டத்தை, அவசரத்தால் நாமே மூடிவிடலாகாது. பள்ளியில் இடம் தேடும் பெற்றோர், அங்கு குழந்தை எத்தனை பக்கம் எழுதும் என்று கேட்பதற்கு முன், எவ்வளவு நேரம் விளையாடும் என்று கேட்கட்டும்!

கட்டுரையாளர்:
பேராசிரியர் (ஓய்வு).