தொழிலை வினவிய மருத்துவர்

நாம் உண்ணும் உணவும் உடுக்கும் உடையும் பலருடைய உழைப்பால் நம்மை வந்தடைகின்றன. அவ்வுழைப்பே உழைப்பவரின் மூச்சுக்கு இடையூறாதலும் உண்டு. இவ்வுண்மையை ஆராய்ந்து உலகிற்கு உணர்த்திய பெருமகனார் பெர்னார்டினோ இராமட்சினி ஆவார்.

இவர் இத்தாலி நாட்டுக் கார்ப்பி என்னும் ஊரில் 1633-ஆம் ஆண்டு பிறந்தார். பார்மா நகரில் மருத்துவம் பயின்று 1659-இல் பட்டம் பெற்றார். பின்னர் மோதெனா நகரில் மருத்துவப் பேராசிரியராய் விளங்கினார்.

அந்நகரில் ஒருநாள் இவரது இல்லத்துக் கழிவுக்குழியைத் தூய்மை செய்த ஏழைத் தொழிலாளி ஒருவர், பெரிதும் விரைந்து பணி செய்தார். இராமட்சினி இரக்கமுற்று அவ்விரைவின் காரணத்தை வினவினார். நான்கு மணி நேரத்திற்குமேல் அங்கிருந்தால் பார்வை கெடும் என்று அஞ்சியே விரைவதாக அவர் விடையிறுத்தார். அவருடைய கண்கள் சிவந்து ஒளி மங்கியிருந்தன. அதுமுதல், தொழிலால் விளையும் நோய்களை ஆராய்வதைத் தம் கடமையாகக் கொண்டார் இராமட்சினி.

கற்றறிந்த மருத்துவர் பலரும் நுழையத் தயங்கிய பட்டறைகளுக்கும் இவர் சென்றார். ஏழையின் குடிலில் எளிய பலகைமீதமர்ந்து, நோயாளியின் குறைகளைப் பொறுமையுடன் கேட்டறிதல் வேண்டும் என்பது இவர் கொள்கை. கிரேக்க மருத்துவ முதல்வர் இப்போக்கிரட்டீசு வகுத்த வினாக்களோடு, செய்யும் தொழில் யாது என்னும் வினாவையும் சேர்த்தார்.

இவ்வாராய்ச்சியின் பயனாய், தொழிலாளர் நோய்களைப் பற்றிய இவரது இலத்தீன் நூல் 1700-இல் வெளிவந்தது. தானியம் சலிப்போரும் அளப்போரும் அதில் தனியிடம் பெற்றனர். களஞ்சியத்தில் எழும் தூசி தொண்டையிலும் நுரையீரலிலும் படிவதால் அவர்கள் மூச்சுத்திணறலுற்று, முதுமை எய்துமுன்னரே மாய்தலை எடுத்துரைத்தார். தானியத்தில் கண்ணுக்குப் புலனாகாச் சிற்றுயிர்கள் உறையக்கூடும் என்றும் ஐயுற்றார்.

1700-இல் பதுவா பல்கலைக்கழகப் பேராசிரியரான இவர், தம் நூலை விரிவாக்கி 1713-இல் மீண்டும் வெளியிட்டார். 1714-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் பதுவாவில் இயற்கை எய்தினார். தொழில்சார் மருத்துவத்தின் தந்தை என இன்று உலகம் இவரைப் போற்றுகின்றது.

இவரது ஐயம் வீண்போகவில்லை. சேமித்த தானியத்தில் பூஞ்சையும் நுண்ணிய உண்ணிகளும் வாழ்தலையும், தானியத் தூசியும் மாவுத் தூசியும் ஆஸ்துமா என்னும் ஈளைநோயை விளைத்தலையும் பிற்காலத்தார் கண்டறிந்தனர். இக்கால அங்காடிகளின் சரக்கறைகளில் மூட்டை அடுக்குவோர்க்கும் இவ்விடர் உண்டு. காற்றோட்டம் அமைத்தலும், தூசி எழாவண்ணம் துப்புரவு செய்தலும், தக்க முகக்கவசம் அளித்தலும் அதனைத் தடுக்கும் வழிகளாம்.

மாணவர்களே! நமக்காக உழைப்பவரின் நலத்தைக் கேட்டறிதல் கற்றோரின் கடமை என்பதை இப்பெரியாரின் வாழ்வால் உணர்வீர்களாக.