சிட்னி ரிங்கர்

சிட்னி ரிங்கர் (இறப்பு: அக்டோபர் 14, 1910) இங்கிலாந்தைச் சேர்ந்த மருத்துவரும் உடலியங்கியல் அறிஞரும் ஆவார். இதயத் துடிப்புக்குக் கால்சியம் இன்றியமையாதது எனக் கண்டறிந்தவர் இவரே.

வாழ்க்கை

நார்விச் நகரில் பிறந்தார். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் மருத்துவம் பயின்று, அதன் மருத்துவமனையில் பணியாற்றினார். 1885 இல் அரச கழகத்தின் உறுப்பினரானார்.

கால்சியம் ஆய்வு

உடலிலிருந்து பிரித்தெடுத்த தவளை இதயம் உப்புக்கரைசலில் துடிப்பது குறித்த ஆய்வை 1882 இல் வெளியிட்டார். அக்கரைசல் காய்ச்சி வடித்த நீருக்கு மாறாகக் குழாய்நீரில் தயாரிக்கப்பட்டிருந்தது பின்னரே தெரியவந்தது. காய்ச்சி வடித்த நீரைப் பயன்படுத்தியபோது துடிப்பு விரைவில் நின்றது. குழாய்நீரில் கலந்திருந்த கால்சியமே இதயத்தை இயக்கியது என உணர்ந்த ரிங்கர், தமது முந்தைய முடிவை 1883 இல் தாமே திருத்தி வெளியிட்டார்.

தாக்கம்

உயிரணுக்களில் கால்சியத்தின் பங்கு பற்றிய ஆய்வுகளுக்கு இது தொடக்கமாயிற்று. மூளை நரம்பணுக்களில் ஆக்சிசனேற்ற அழுத்தம் கால்சியம் செல்லும் வழித்தடங்களின் செயலை மாற்றுகிறது என்பதும், கால்சியம் அளவுக்கு மீறி உட்புகுந்தால் அந்நரம்பணுக்கள் மடியக்கூடும் என்பதும் பிற்காலத்தில் அறியப்பட்டன. ரிங்கர் கரைசல் இன்றும் இவர் பெயராலேயே வழங்கப்படுகிறது.