கோணான்குப்பம் தந்த முனிவர்

மங்கலம்பேட்டைக்கு அண்மையில் கோணான்குப்பம் என்னும் சிற்றூர் உண்டு. அங்குள்ள மாதா ஆலயம் பெரியநாயகியின் பெயரால் வழங்குகிறது. விருத்தாசலத்துப் பழமலைநாதர் திருக்கோயிலில் எழுந்தருளியிருக்கும் அம்மைக்கும் பெரியநாயகி என்பதே பெயர். இயேசுவின் அன்னைக்கு இம்மண்ணின் பெயரைச் சூட்டி அவ்வாலயத்தை எழுப்பியவர் வீரமாமுனிவர் என்பது வழிவழியாக வரும் செய்தி. முகாசபரூர்க் கச்சிராயரின் துணையையும் அம்மரபு நன்றியோடு நினைக்கிறது.

கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் இத்தாலியில் காஸ்டிக்கிளியோனே என்னும் ஊரில் பிறந்தார். இயேசு சபைத் துறவியாகி 1710இல் கோவா வந்து, பின்னர் மதுரை மறைப்பணித் தளத்தைச் சேர்ந்தார். அத்தளம் எத்தகையது என்பதை அவர் அறியாதவரல்லர். அருளானந்தர் ஓரியூரில் தலை வெட்டுண்டு மாண்டது 1693 பிப்ரவரி 4ஆம் நாள். பதினேழு ஆண்டுகளே கடந்திருந்தன. தைரியநாதர் என்று பெயர் பூண்டு பணி தொடங்கிய பெஸ்கிக்கும் சோதனை விரைந்து வந்தது. 1714-15இல் தென்பாண்டிச் சீமையில் எழுந்த எதிர்ப்பில் அவருக்குக் கொலைத் தண்டனையே விதிக்கப்பெற்றது. மயிரிழையில் உயிர் பிழைத்தார்.

பிழைத்தவர் ஊர் திரும்பவில்லை. தம்மைக் கொல்ல முனைந்தோரின் மொழியைக் கசடறக் கற்றார். சுப்பிரதீபக் கவிராயர் போன்ற புலவர்பால் பாடங்கேட்டார் என்பர். பயன், 1726இல் நிறைவுற்ற தேம்பாவணி: மூன்று காண்டம், முப்பத்தாறு படலம், 3615 பாடல். பாலகனைக் கொல்லத் துணிந்த ஏரோதின் பகைக்குத் தப்பி, எகிப்து நாட்டிற்கு நடந்த சூசையையும் மரியாளையும் அவர் பாடினார். துரத்தப்பட்டவனின் நடைவருத்தம் அவருக்கு ஏட்டறிவன்று. எனினும் அக்காப்பியத்தில் தம் துன்பத்தை அவர் முன்னிறுத்தவில்லை. கற்பனையும் வருணனையும் பெருகும் அந்நூலில் இவ்வடக்கமே தனியழகு.

பகை அரண்மனையிலிருந்து மட்டும் வரவில்லை. 1706 முதல் தரங்கம்பாடியில் வேரூன்றிய லுத்தரன் சபையாரோடு அவருக்குக் கடும் வாதம் நிகழ்ந்தது. வேத விளக்கமும் லுத்தேரினத்தியல்பும் அவ்வாதத்தின் விளைவுகள். அங்கே அவர் சொல்லும் சுடுசொல்லே. துறவிக்கு அது பெருமை சேர்ப்பதன்று. அவருடைய சபைக்குள்ளும் அமைதியில்லை. இந்நாட்டு வழக்கங்களை இயேசு சபையார் ஏற்றது குற்றமென 1704இல் புதுச்சேரியில் பிறந்த ஆணை, 1744இல் உரோமாபுரியின் முடிந்த கட்டளையாக முற்றியது. அவ்வழக்கில் ஏறத்தாழ அவர் பணிக்காலம் முழுவதும் அடங்கிவிடுகிறது. அத்தனை ஆண்டுகளும் தமிழ்த் துறவியின் கோலத்திலேயே அவர் திரிந்தார்.

இந்தக் கெடுபிடிகளுக்கிடையேதான் 1730இல் தொன்னூல் விளக்கமும், 1732இல் சதுரகராதியும் உருவாயின. எகரத்திற்கும் ஏகாரத்திற்கும், ஒகரத்திற்கும் ஓகாரத்திற்கும் வரிவடிவில் வேறுபாடு செய்தவர் என்று அவரையே போற்றுகிறோம். இன்று கவிதை எழுதும் எவரும் அவ்வடிவங்களைத் தவிர்த்து எழுதுவதற்கில்லை. திருக்குறளின் அறமும் பொருளும் அவரால் இலத்தீனுக்குச் சென்றன.

இவற்றினும் வியப்பு, பேச்சுத் தமிழுக்கு அவர் இலத்தீனில் வகுத்த கொடுந்தமிழ் இலக்கணத்தின் கதை. அது 1738இல் அச்சேறியது. அச்சிட்டவர்கள் அவருடைய வாதப் பகைவர்களாகிய தரங்கம்பாடி லுத்தரன் சபையார்! கொள்கையில் அவரை மறுத்தவர்களுக்கும் தமிழ் கற்க அவர் நூல் வேண்டியிருந்தது.

முதுமையில் சேர நாட்டு அம்பழக்காட்டில் ஒடுங்கி, 1747இல் மறைந்தார். நாள், பிப்ரவரி 4. இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி 1968இல் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை எழுந்தது. கோணான்குப்பத்திலோ, பெரியநாயகியின் திருவிழாவிற்கு இப்பகுதி மக்கள் ஆண்டுதோறும் கூடிக்கொண்டிருக்கிறார்கள்.